நம்ம ஊர் மாட்டுக்கு ஏற்ற நத்தார் ரோஸ்ட்

நத்தார் ரோஸ்டுக்கான வேலை எங்கள் வீட்டில் டிசம்பர் 21ஆம் திகதி காலையிலேயே தொடங்கிவிடும். ஹட்டன் டவுனுக்குப் போய், இறைச்சிக்கடையில் துண்டைத் தெரிந்தெடுத்து வாங்கிவந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால்தான் எனக்கு நிம்மதி. 24ஆம் திகதி கடைக்கு ஓடி, அன்று காலை அறுத்த மாட்டில் ஒரு துண்டு வாங்கி, மறுநாளே ஓவனில் வைத்து, "ஏன் இப்படி ரப்பர் மாதிரி இருக்கு?" என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் பலர். அவர்கள் சமைத்த விதத்தில் பெரிய பிழை இருக்காது. இறைச்சிக்கு நாள் போதவில்லை, அவ்வளவுதான்.

என் அப்பா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரை பங்களாக் குசினியில் வேலை செய்தவர். விறகு பிளக்கவும் தேங்காய் துருவவும் போன பையன், பிறகு அங்கேயே அப்புவாக, அதாவது பங்களாச் சமையற்காரராக, நின்றார். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபின் வெள்ளைத் துரைமார் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பிறகு வந்த நம் நாட்டுத் துரைமாரும் டிசம்பரில் ரோஸ்ட் கேட்டார்கள். அப்பா அதே சட்டியில் செய்து கொடுத்தார். அந்த இறைச்சி எங்கள் லயத்துக் காம்பிராவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் ஆசிரியையாகி முதல் சம்பளம் எடுத்த வருஷம்தான், எங்கள் வீட்டுக்கென்று அப்பா ஒரு ரோஸ்ட் செய்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்றைக்கும் நான் செய்வது அதுதான். காஸ் ஓவனும் வெப்பமானியும் மட்டும் பிறகு வந்து சேர்ந்தவை.

அப்பா அடிக்கடி சொல்வார், "புத்தகத்தில இருக்கிற மாடு வேற, நம்ம மாடு வேற" என்று. வெளிநாட்டுச் சமையல் புத்தகங்கள் இறைச்சிக்கென்றே கொழுக்க வளர்த்த இளம் மாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதன் தசைக்குள்ளேயே வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பு ஓடும். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் புல் மேய்ந்த மாடு, நடந்து உழைத்த மாடு, சில நேரம் பால் வற்றிய வயதான பசு. கொழுப்புக் குறைவு, நார் கூடுதல், ஆனால் ருசி ஆழமானது. புத்தகத்தில் சொன்ன கடும் சூட்டில் இதை வைத்தால் காய்ந்துபோகும். நம்ம மாட்டுக்குச் சூடு குறைவாக இருக்க வேண்டும், நேரம் கூடுதலாக இருக்க வேண்டும், கிரேவி நிறைய இருக்க வேண்டும்.

முதலில் வாங்குவதைச் சொல்கிறேன். நம் பக்கத்துக் கடைகளில் கறிக்கென்றே எலும்போடு கொத்திப் போட்டுத்தான் பழக்கம். ரோஸ்டுக்கு முழுத்துண்டு வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். நான் வழமையாக வாங்கும் கடையில் "நானா, ரோஸ்டுக்கு வேணும், கொத்தாம முழுசா தாங்க" என்று சொல்வேன். "நாளைக்கு வெள்ளென வாங்க டீச்சர், முதுகுத் துண்டு எடுத்து வைக்கிறேன்" என்பார். வெள்ளென என்றால் உண்மையாகவே வெள்ளெனப் போக வேண்டும், நல்ல துண்டுகள் எட்டு மணிக்குள் போய்விடும்.

எந்தத் துண்டு? முதுகுப் பக்கத்துத் தசை மிக நல்லது. அந்தத் தசைக்கு வேலை குறைவு, அதனால் மெதுமை. அது கிடைக்காவிட்டால் பின்தொடையின் மேற்பகுதி. அண்டர்கட் (முதுகெலும்பின் உட்பக்கத் தசை) இன்னும் மெதுவானது, ஆனால் விலை கூட, துண்டு சிறியது, கிரேவிக்குச் சட்டியில் அதிகம் விட்டுவைக்காது. அதை நான் ரோஸ்டுக்கு வாங்குவதில்லை. முன்னங்கால், கழுத்து இரண்டும் வேறு முறையில் செய்ய வேண்டியவை, கீழே சொல்கிறேன். எட்டுப் பேருக்கு எலும்பில்லாமல் ஒன்றரைக் கிலோ எடுங்கள். ஒரு பக்கத்திலாவது கொழுப்புப் படலம் இருக்கட்டும். "கொழுப்பை வெட்ட வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து வெட்டிவிடுவார்கள். அதோடு ஒரு கிலோ எலும்பும் கேட்டு வாங்குங்கள். எலும்பில்லாமல் கிரேவி இல்லை.

கலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் உந்துவப் போயா (பௌர்ணமி விடுமுறை) வரும், போயா தினத்தில் இறைச்சி விற்க முடியாது. 2023இல் அது 26ஆம் திகதி வந்தது, நத்தாருக்கு மறுநாள். சில வருஷங்களில் நத்தாருக்கு முன்னாலேயே வந்து நிற்கும். அந்த வருஷங்களில் ஒருநாள் முந்திப் போங்கள்.

இனி நாள் கணக்கு. மாட்டை அறுத்த சில மணித்தியாலங்களில் தசை இறுகிப்போகும். அந்த இறுக்கம் தளர ஒன்றிரண்டு நாள் வேண்டும். அதற்குப் பிறகு இறைச்சியில் இயற்கையாகவே உள்ள நொதிகள் நாரை மெதுவாக்கத் தொடங்கும். அதனால்தான் நான் மூன்று, நான்கு நாள் முந்தி வாங்குகிறேன். துண்டைக் கழுவாமல், சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு தட்டில் கம்பித் தாங்கி வைத்து அதன்மேல் வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிக் கட்ட வேண்டாம். எண்ணெய்த்தாளால் லேசாக மூடினால் போதும். ஃபிரிட்ஜின் அடித்தட்டு, 4 பாகை செல்சியஸுக்குக் கீழே. மேற்பரப்பு கொஞ்சம் காய்ந்து கருஞ்சிவப்பாகும், அது நல்லது. பிசுபிசுப்போ புளித்த வாடையோ வந்தால் மட்டும் பயன்படுத்தாதீர்கள். பங்களாவில் ஃபிரிட்ஜ் வருவதற்கு முந்தி வலை அடித்த பெட்டியில் இறைச்சியைக் குளிரில் தொங்கவிடுவார்களாம். இப்போது அதைச் செய்ய வேண்டாம், எங்கள் பக்கத்து டிசம்பர் பகல் ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிர்வதில்லை.

பப்பாசிக்காய் பூசலாமா என்று கேட்பார்கள். கறிக்குப் பூசலாம். பெரிய துண்டில் அது உள்ளே இறங்காது. வெளிப்பக்கம் கூழாகும், நடு அப்படியே இருக்கும். நாள்தான் இதற்கு மருந்து.

23ஆம் திகதி இரவு எலும்பு வேலை. எலும்பை ஓவனில் நன்றாகச் சிவக்க வறுத்து, இரண்டு வெங்காயம், ஒரு கரட், லீக்ஸின் பச்சை இலைப்பகுதி, பத்து மிளகு, விரல் நுனியளவு கறுவாப்பட்டை போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு மூன்று மணித்தியாலம் மெல்லக் கொதிக்க விடுங்கள். உப்புப் போட வேண்டாம், பிறகு வற்றும்போது கரிக்கும். வடித்து, மறுபடி அடுப்பில் வைத்து, அரை லீற்றராக வற்ற வையுங்கள். காலையில் மேலே கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும். அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், உருளைக்கிழங்கு அதில்தான் வறுபடும்.

24ஆம் திகதி மாலை, பூசைக்குப் போகுமுன், இறைச்சிக்கு உப்பு. ஒன்றரைக் கிலோவுக்கு மூன்று தேக்கரண்டி தூள் உப்பு, மட்டமாக அளந்தது. பார்க்கக் கூடுதலாகத் தெரியும். ஒரு இரவுக்குள் அது உள்ளே இறங்கிவிடும், இறங்கிய உப்புத்தான் சாறைப் பிடித்துவைக்கும். ஒரு மேசைக்கரண்டி மிளகை இடித்து (தூளாக வேண்டாம், உடைந்த பதம்) ஐந்து பல் வெள்ளைப்பூண்டோடு சேர்த்து அரைத்துப் பூசுங்கள். பூசுமுன் ஒரு காரியம்: நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, ஒரு ஓரத்தில் நாருக்குக் குறுக்காகச் சின்னதாக வெட்டி அடையாளம் வையுங்கள். வெந்தபின் நார் ஓடும் திசை தெரியாது, அந்த அடையாளம்தான் கத்திக்கு வழிகாட்டும். பிறகு பருத்தி நூலால் இரண்டங்குலத்துக்கு ஒரு கட்டாகக் கட்டுங்கள். நைலோன் நூல் சூட்டில் உருகும், அதை எடுக்காதீர்கள்.

நத்தார் காலை. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றால் எட்டரைக்கு இறைச்சியை வெளியே எடுங்கள். கொழும்பில் ஒரு மணித்தியாலம் வெளியே வைத்தால் போதும் என்பார்கள். எங்கள் குசினியில் டிசம்பர் காலையில் அதற்குள் ஒன்றும் சூடேறாது, ஒன்றரை மணித்தியாலம் வைக்கிறேன். ஈரத்தை மறுபடி ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் இறைச்சி சிவக்காது, அவியத்தான் செய்யும்.

கனமான சட்டி எடுங்கள், ஓவனுக்குள்ளும் போகக்கூடியது. நொன்ஸ்டிக் வேண்டாம்: அதில் அடியில் எதுவும் ஒட்டாது, ஒட்டினால்தான் நமக்குக் கிரேவி. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கொழுப்புப் பக்கம் கீழே இருக்க இறைச்சியை வைத்து, அசைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். எல்லாப் பக்கமும் இப்படி, மொத்தம் பத்து நிமிடம். சத்தம் சடசடவென்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் அடங்கினால் சூடு போதாது, அடியில் கறுப்புப் புகை வந்தால் சூடு கூட.

பங்களாத் தோட்டத்தில் ரோஸ்மேரிச் செடி இருந்தது. அதிலிருந்து அம்மா ஒரு கொப்பு கொண்டுவந்து நட்டது இன்னும் எங்கள் வாசலில் நிற்கிறது. இரண்டு கொப்பு முறித்து இறைச்சிக்கடியில் வைக்கிறேன். இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், மிளகு போதும்.

ஓவன் 140 பாகை. அதற்கு மேல் வேண்டாம். மூடாமல் வையுங்கள். ஒன்றரைக் கிலோ துண்டுக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றேமுக்கால் மணித்தியாலம் வரை எடுக்கும், துண்டின் தடிப்பைப் பொறுத்தது. மேசையில் வைக்கும் சின்ன ஓவன் என்றால் மேற்கம்பி இறைச்சிக்குக் கிட்ட இருக்கும்; அலுமினியத் தாளை மேலே கூடாரம் மாதிரி நிறுத்துங்கள். மணிக்கூட்டை நம்பாமல் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நடுவில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். நான் 60இல் எடுத்துவிடுவேன். வெளியே வைத்தபின்னும் உள்ளே மூன்று நான்கு பாகை ஏறும், நடு லேசான ரோஸ் நிறத்தில் நிற்கும். முழுத்துண்டு மாட்டிறைச்சிக்கு அமெரிக்க விவசாயத் திணைக்களம் சொல்கிற அளவு 63 பாகை, பிறகு குறைந்தது 3 நிமிடம் ஆறவிடுவது. 70ஐத் தாண்டினால் கொழுப்பில்லாத நம் இறைச்சி சாறெல்லாம் விட்டு மரத்தூளாகும்.

வெப்பமானி இல்லாவிட்டால் அப்பாவின் முறை: மெல்லிய இரும்புக் கம்பியை நடுவரை குத்தி, பத்து எண்ணி, வெளியே எடுத்துக் கீழுதட்டில் தொடுங்கள். குளிர்ந்தால் இன்னும் வேக வேண்டும். இதமாகச் சுட்டால் சரி. தாங்க முடியாமல் சுட்டால் கடந்துவிட்டது.

வெட்டும்போது வருகிற சிவப்பு நீரைப் பார்த்து "ரத்தம்" என்று தட்டைத் தள்ளிவைக்கிற பெரியவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. அது ரத்தம் இல்லை, தசையில் உள்ள நிறப்பொருள் கலந்த தண்ணீர். இருந்தாலும் நத்தார் அன்று யாருக்கும் பாடம் எடுக்கக் கூடாது. அவர்களுக்கு ஓரத்துத் துண்டுகளைக் கொடுங்கள், அவை நன்றாக வெந்திருக்கும்.

இறைச்சியைத் தட்டுக்கு மாற்றி, தாளால் தளர்வாக மூடி, இருபத்தைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். உடனே வெட்டினால் சாறு பலகையில் ஓடிவிடும். அந்த இருபத்தைந்து நிமிடமும் கிரேவிக்குத்தான்.

சட்டியைச் சரித்து, இரண்டு மேசைக்கரண்டி விட்டு மீதிக் கொழுப்பை எடுங்கள். அடியைப் பாருங்கள். கறுவா நிறத்தில் ஒட்டியிருந்தால் அது பொன். கரியாக இருந்தால் அந்த இடத்தைச் சுரண்டாதீர்கள், முழுக் கிரேவியும் கசக்கும். சிறு நெருப்பில் ஆறு சின்ன வெங்காயத்தைப் பொடியாக வெட்டிப் போட்டு நான்கு நிமிடம் வதக்குங்கள். ஒரு மட்ட மேசைக்கரண்டி கோதுமை மா தூவி, பச்சை மா வாசம் போகும்வரை கிளறுங்கள், இரண்டு நிமிடம். இப்போது ஒரு மேசைக்கரண்டி தென்னை வினாகிரியும் கால் கோப்பைத் தண்ணீரும் விடுங்கள். சுர்ரென்று ஆவி எழும். அந்த நேரத்தில் மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள், மூலை முடுக்கெல்லாம். ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்து மேலே வரும். இறைச்சி மேற்பரப்பில் சிவந்த ருசி முழுதும் அதில்தான் இருக்கிறது. அப்பா இந்த இடத்தில் யாரோடும் பேசமாட்டார்.

பிறகு எலும்புச் சாறைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். ஒரேயடியாக ஊற்றினால் மா கட்டி கட்டும். எட்டுப் பத்து நிமிடம் கொதித்து, கரண்டியின் முதுகில் படியும் பதம் வர வேண்டும். இரண்டு தேக்கரண்டி வூஸ்டர் சோஸ். இறைச்சி ஆறிய தட்டில் ஊறி நிற்கிற சாற்றையும் இதில் விடுங்கள், ஒரு சொட்டும் போகக் கூடாது. ருசி பார்த்த பிறகுதான் உப்பு. அடுப்பை அணைத்து ஒரு மேசைக்கரண்டி பட்டரைப் போட்டுச் சுழற்றுங்கள். நான் வடிப்பதில்லை, வெங்காயம் கடிபடுவது எனக்குப் பிடிக்கும்.

வைன் இருந்தால் வினாகிரித் தண்ணீருக்குப் பதிலாக அரைக் கோப்பை விடலாம். ஒருமுறை நம் தேயிலைச் சாயத்தையே விட்டுப் பார்த்தேன், மலைநாட்டு ரோஸ்டுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று. வற்ற வற்றத் துவர்ப்பு ஏறி நாக்கைப் பிடித்துவிட்டது. அது வேண்டாம்.

உருளைக்கிழங்குக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெலிமடைக் கிழங்கு, தோல் சீவி, உப்புத் தண்ணீரில் ஓரம் உதிரும்வரை அவித்து, எடுத்துவைத்த கொழுப்பில் புரட்டி, இறைச்சி வெளியே வந்ததும் ஓவனை 200க்கு ஏற்றி உள்ளே தள்ளுங்கள். ஹட்டன் உயரத்தில் தண்ணீர் 96 பாகையளவில் கொதித்துவிடும், நுவரெலியாவில் 94. அதனால் புத்தகம் சொல்கிற நேரத்தைவிட ஐந்து நிமிடம் கூட அவியுங்கள். கரட்டும் லீக்ஸும் பட்டரில் வதக்கினால் போதும். ஆனால் கடுகை மறக்காதீர்கள்: கடுகோடு வினாகிரி, ஒரு பல் பூண்டு, சிட்டிகை சீனி சேர்த்து முதல்நாளே அரைத்து வைத்தது. ரோஸ்டுக்கு அதைப்போல ஜோடி இல்லை.

தட்டுகளைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்துத் துடையுங்கள். மாட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறையும். குளிர்ந்த தட்டில் விட்ட கிரேவி நான்கு வாய்க்குள் மெழுகாகிவிடும். நூலை வெட்டி, அடையாளம் வைத்த திசையில், நாருக்குக் குறுக்காக, மெல்லியதாக வெட்டுங்கள். தடித்த துண்டு வெட்டினால் இதுவரை செய்த வேலையெல்லாம் வீண்.

இனி, கழுத்தோ முன்னங்காலோ மட்டும்தான் கிடைத்தது என்றால். 2021 டிசம்பரில் காஸ் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் வீட்டுச் சிலிண்டரும் காலி. நானாவிடமும் முதுகுத் துண்டு இல்லை. பின்னால் உள்ள விறகடுப்பில், கவ்வாத்து மிலாறும் (வெட்டிய தேயிலைக் கிளை) சவுக்கு விறகும் வைத்து, கழுத்துத் துண்டைச் சிவக்க வறுத்து, அதே வெங்காயம், பூண்டு, மிளகோடு ஒன்றரைக் கோப்பை எலும்புச் சாறும் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியும் விட்டு, கனமான மூடி போட்டு, மூடிமேல் சிரட்டைத் தணல் பரப்பினேன். மூன்றரை மணித்தியாலம், இடையில் இரண்டு முறை திருப்பி. இந்தத் துண்டுகளில் இணைப்பு நார் நிறைய. அது நீண்ட நேரச் சூட்டில் கரைந்து ஜெலட்டினாகும், இறைச்சி கரண்டியாலேயே பிரியும். இங்கே 60, 63 கணக்கெல்லாம் கிடையாது, முள் வழுக்கிக்கொண்டு இறங்கினால் வெந்தது. சாற்றின் மேல் கொழுப்பை எடுத்து வற்ற வைத்தால் மா போடாமலே கிரேவி தடிக்கும். ஓவன் இல்லாதவர்களுக்கும், சிவப்பைப் பார்க்க முடியாதவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ருசியில் இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

இன்னொன்று. எங்கள் அயலில் பாதிப்பேர் மாட்டிறைச்சி தொடாதவர்கள். அம்மா காலத்திலிருந்தே ரோஸ்ட் சட்டியும் கத்தியும் பலகையும் தனி, கேக் தட்டுகள் தனி. கேக்கும் கொக்கிஸும் எல்லா வீட்டுக்கும் போகும். ரோஸ்ட் மேசையைவிட்டு நகராது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வேறு சட்டியில் கோழி இருக்கும், எது எதென்று முதலிலேயே சொல்லிவிடுவோம். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுப் பலகாரத்தை நாங்கள் எந்த யோசனையும் இல்லாமல் சாப்பிடுகிறோமே, அந்த நம்பிக்கையை நாங்களும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

மிச்சத்தை வெட்டாமல் முழுத்துண்டாகவே மூடி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் இருக்கும். மறுநாள் அதைச் சூடாக்க வேண்டாம், சூடாக்கினால் இறுகும். குளிர்ந்தபடியே தாள் போல வெட்டி, ரோஸ் பாணுக்குள் கடுகோடு வையுங்கள். கிரேவியை மட்டும், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, நன்றாகக் கொதிக்க வைத்து, சின்னக் கோப்பையில் பக்கத்தில் வையுங்கள். பாணை அதில் தோய்த்துச் சாப்பிடலாம்.